இரண்டு அங்குல ஆழத்தில் மெரினா

ஷேடோ பாக்ஸ் அளவுக்கு மனத்தை நிறைக்கும் கைவேலை வேறொன்றை நான் கண்டதில்லை. தையல், எம்ப்ராய்டரி, கண்ணாடி ஓவியம், தஞ்சாவூர் ஓவியம் என்று பலதிலும் கைவைத்துப் பார்த்தவள்தான் நான். ஒவ்வொன்றிலும் ஒரு சுகம் இருக்கிறது. ஆனால் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை நடுவில் நிறுத்தி, அதைச் சுற்றிக் காகிதத்தாலேயே கடலும் மணலும் வானமும் எழுப்பி, கண்ணாடி போட்டு மூடும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு ஈடே கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருக்கிறேன். இப்போது உங்களிடமும் பேசப்போகிறேன்.

முதலில் இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். சாதாரணப் படச் சட்டத்தில் கண்ணாடியும் படமும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஷேடோ பாக்ஸில் கண்ணாடிக்கும் பின்பலகைக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு அங்குல ஆழம் உண்டு. அந்த ஆழத்தில், வெட்டிய காகிதங்களை அடுக்கடுக்காக இடைவெளி விட்டு நிறுத்துகிறோம். பின்னால் வானம், அதற்கு முன்னால் தொடுவானத்துக் கடல், அப்புறம் அலைகள், அப்புறம் மணல். ஒவ்வோர் அடுக்கின் விளிம்பும் தனக்குப் பின்னால் இருக்கும் அடுக்கின்மேல் நிழல் போடும். வரைந்த நிழல் இல்லை, நிஜ நிழல்! காலையில் ஜன்னல் வெளிச்சத்துக்கு ஒரு மாதிரி விழும், ராத்திரி டியூப்லைட் போட்டதும் வேறு மாதிரி விழும். ஒரே பெட்டிக்குள் பொழுது மாறிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இந்த வேலைக்கு அடிமை.

காகிதத்தை இப்படி அடுக்கி ஆழம் காட்டுவது மிகப் பழைய கலை. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் மார்ட்டின் எங்கல்பிரெக்ட் என்ற பதிப்பாளர் 18ஆம் நூற்றாண்டிலேயே, அச்சடித்து வண்ணமிட்டு வெட்டிய காகிதக் காட்சிகளை வரிசையாக நிறுத்திப் பார்க்கும் சின்னச் சின்ன நாடக மேடைகளை வெளியிட்டிருக்கிறார். லண்டனில் தேம்ஸ் நதிக்கு அடியில் போட்ட சுரங்கப்பாதை 1843-ல் திறந்தபோது, துருத்தி மாதிரி விரியும் காகிதக் காட்சிப் பெட்டிகள் அதன் ஞாபகார்த்தமாக விற்றன. ஒரு துளை வழியாக உள்ளே பார்த்தால் முழுச் சுரங்கமும் நீண்டு தெரியும். அவ்வளவு தூரம் போவானேன்? நம் தஞ்சாவூரில் நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் வெள்ளைத் தண்டைச் சீவிச் சீவி, பெரிய கோயிலை விமானத்தோடும் நந்தியோடும் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்களே! எத்தனை வீட்டு வரவேற்பறையில் அந்தப் பெட்டியைப் பார்த்திருப்போம்! கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன உலகத்தை நிறுத்திப் பார்க்கிற ஆசை நமக்கு ஒன்றும் புதிதில்லை.

இனி என் படத்துக்கு வருகிறேன். இரண்டேகால் அங்குலச் சதுரம், சுற்றி வெள்ளை ஓரம், ஓரத்தில் பல்பல்லாக வெட்டு. 120 ஃபிலிம் போட்டு, சுருளுக்குப் பன்னிரண்டு படம் எடுக்கிற பெட்டிக் கேமராவில் தாத்தா எடுத்தது. நெகட்டிவை அப்படியே தாளோடு ஒட்டவைத்துப் பிரிண்ட் போட்டதால் அந்த அளவு. பின்னால் நீல மசியில் ‘மெரினா, 1966’ என்று தாத்தாவின் கையெழுத்து. பாட்டி மணலில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் பாவாடை சட்டையில் என் பெரியம்மா, பாட்டி மடியில் என் அம்மா, கொஞ்சம் தள்ளி அரை டிராயரில் என் மாமா. எல்லாருக்கும் பின்னால் ஒரு அலை அப்போதுதான் உடைந்துகொண்டிருக்கிறது.

ஒரிஜினலை நான் பெட்டிக்குள் வைக்கவில்லை. நீங்களும் வைக்க வேண்டாம். வெளிச்சமும் சென்னையின் ஈரப்பதமும் பழைய வெள்ளிப் பிரிண்டுக்கு ஆகாது. நகல் எடுத்துக்கொண்டு, அசலை மறுபடி ஆல்பத்துக்குள் பத்திரமாக வைத்துவிட வேண்டும். நகல் எடுக்கும்போது இரண்டு விஷயம். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்யாதீர்கள், கலரில் செய்யுங்கள். அப்போதுதான் அந்தப் பழுப்பும், ஓரங்களில் படர்ந்திருக்கும் வெள்ளிப் பளபளப்பும் அப்படியே வரும். இரண்டாவது, 1200 டிபிஐ வையுங்கள். இரண்டேகால் அங்குலப் படம் அந்த அளவில் 2,700 புள்ளி அகலம் தரும். அதை நாலரை அங்குலமாகப் பெரிதாக்கி, பளபளப்பில்லாத மேட் தாளில் பிரிண்ட் போட்டாலும் ஒரு இம்மிகூட மங்காது. கம்ப்யூட்டர் திரையில் அந்தப் படம் பெரிதாக விரிந்ததும் நான் அசந்துபோனேன். இத்தனை வருஷமாக ஆல்பத்தில் புரட்டிப் புரட்டிப் பார்த்த படம்தான். பாட்டியின் கையில் ஒரு பொட்டலம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது! மாமா கேமராவைப் பார்க்கவில்லை, தலையை அண்ணாந்து, படத்துக்கு வெளியே எதையோ பார்க்கிறார் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதைவிடப் பெரிய புதையல் படத்தின் கீழோரத்தில் இருந்தது. மணலில் ஒரு நிழல். தோள், தலை, நெஞ்சுக்கு நேரே கேமராவைப் பிடித்ததால் இரண்டு பக்கமும் விரிந்த முழங்கைகள். தாத்தாவின் நிழல்! கேமரா எப்போதும் அவர் கையிலேயே இருந்ததால் தாத்தா இருக்கிற படம் எங்கள் வீட்டில் அபூர்வம். இந்தப் படத்தில் அவரும் இருக்கிறார், நிழலாக.

அந்த நிழல் எனக்கு நேரத்தையும் சொல்லிக்கொடுத்தது. மெரினா கிழக்கு பார்த்த கடற்கரை. தாத்தா கடலைப் பார்த்து நின்று எடுத்திருக்கிறார், நிழல் அவருக்கு முன்னால் கடல் பக்கம் நீண்டு விழுந்திருக்கிறது. அப்படியென்றால் சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால், மேற்கே, தாழ்ந்து இருக்கிறது. சாயங்காலம். பாட்டியின் முகத்தில் விழுந்திருக்கும் வெளிச்சம் இறங்குவெயில். கடற்கரை என்றாலே அலைக்கு மேல் ஆரஞ்சு நிறத்தில் சூரியன் அஸ்தமிப்பதை ஒட்டிவிடுகிறார்களே, மெரினாவில் அது நடக்கவே நடக்காது. நம் சூரியன் கடலில் உதிப்பான், ஊருக்குள் மறைவான். அதனால் என் பெட்டியின் வானத்தில் சூரியன் இல்லை. சாயங்காலக் கிழக்கு வானத்துக்கே உரிய மங்கிய நீலமும், தொடுவானத்துக்குச் சற்று மேலே ஒரு இளஞ்சிவப்புக் கீற்றும்தான்.

பழைய படத்தை வைத்துச் செய்யும்போது காலமும் சரியாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரி. மெரினா என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது கலங்கரை விளக்கத்தை. இப்போதிருக்கும் அந்தச் சிவப்பு வெள்ளைக் கோபுரம் 1977-ல்தான் இயங்கத் தொடங்கியது. என் படத்து வருஷத்தில் விளக்கு உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் எரிந்துகொண்டிருந்தது. கண்ணகி, வள்ளுவர், ஔவையார் சிலைகள் வந்தது 1968-ல், உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை மட்டும் 1959-லேயே வந்துவிட்டது. ஆனால் படம் கடலைப் பார்த்து எடுத்தது, சிலை சாலையோரம் இருக்கிறது. ஆகவே ஒரு கட்டடமும் இல்லை, ஒரு சிலையும் இல்லை. வானம், கடல், மணல், மனிதர்கள். அதுவே எவ்வளவு நிறைவாக இருந்தது தெரியுமா!

நிறத்துக்கு நான் பெரியம்மாவிடம் போனேன். இந்தக் கைவேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய வரம் அந்தச் சாயங்காலம்தான். லேப்டாப்பில் படத்தைப் பெரிதாக்கி அவள் முன்னால் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே குனிந்தவள் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் கொட்டினாளே!

“பெரிம்மா, பாட்டி புடவை என்ன கலர்?”

“மயில்கழுத்துக் கலர்டி. அரக்கு பார்டர். அந்தப் பொங்கலுக்கு எடுத்தது. எனக்கு ராமர் பச்சைப் பாவாடை, மாம்பழ மஞ்சள்ல சட்டை. உங்கம்மாவுக்கு வெள்ளை கவுன், ரெண்டு தடவை தோய்ச்சதுமே பழுப்பாப் போச்சு.”

“மாமா மேல என்னத்தப் பாக்கறார்?”

“காத்தாடி! வேற என்ன? யாரோ விட்ட காத்தாடி. செவப்பு. அது அறுந்து வந்து விழுந்தா எடுத்துக்கலாம்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தான். உங்க பாட்டி பொட்டலத்தை நீட்டினாலும் வாங்கவே மாட்டேன்னுட்டான்.”

“என்ன பொட்டலம்?”

“தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்தான். ஆறிப்போச்சுன்னு உங்க பாட்டி கத்திக்கிட்டிருக்கா பாரு, வாயைப் பாரு!”

பார்த்தேன். பாட்டியின் வாய் திறந்திருந்தது! சிரிக்கிறாள் என்றுதான் இத்தனை காலமும் எல்லாரும் நினைத்திருந்தோம்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்தப் பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று. படத்தில் இருப்பவர்களை உருவம் உருவமாகக் கத்தரித்து எடுத்துக் காகிதக் கடற்கரையில் நிறுத்துவார்கள் பலர். அதுவும் அழகுதான். நான் அப்படிச் செய்யவில்லை. தாத்தா கேமரா வழியாகப் பார்த்த சதுரத்தை வெள்ளை ஓரத்தோடு முழுசாக வைத்தேன். அந்தச் சதுரத்துக்கு வெளியே இருந்ததையெல்லாம், பெரியம்மா சொன்னதையெல்லாம், காகிதத்தால் செய்தேன். கேமரா நிறுத்திய இடத்திலிருந்து காகிதம் தொடர்கிறது. படத்துக்குள் கறுப்பு வெள்ளை, படத்தை விட்டு வெளியே வந்ததும் வண்ணம். பெரியம்மாவின் ஞாபகம்தான் அந்த வண்ணம்.

காகிதம் வாங்கப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போக வேண்டும். சென்னையில் காகிதப் பைத்தியங்களின் திருத்தலம் அது. கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே, ரீம் ரீமாக, கட்டுக் கட்டாக, எத்தனை நீலம், எத்தனை பச்சை! உள்ளே நுழைந்தால் வெளியே வர மனசு வராது. அடுக்குகளுக்கு 220-லிருந்து 300 ஜிஎஸ்எம் வரை தடிப்புள்ள தாள் வேண்டும். அதற்குக் குறைந்தால் சென்னைக் காற்றின் ஈரத்துக்கு நடுவில் வளைந்துவிடும். தாளை வாங்கும் முன் இரண்டு பக்கமாகவும் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சுலபமாக வளையும், இன்னொரு பக்கம் முரண்டு பண்ணும். சுலபமாக வளையும்போது மடிப்பு ஓடுகிற திசையில்தான் காகிதத்தின் நார் ஓடுகிறது. எல்லா அடுக்கையும் நார் ஒரே திசையில் ஓடும்படி வெட்டினால், பின்னால் ஈரக்காற்று பட்டாலும் எல்லாம் ஒன்றாக அசையும், ஒன்றோடொன்று மல்லுக்கட்டாது.

கடலுக்கு நான் எடுத்த நிறங்களைச் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். பளிச்சென்ற நீலம் ஒன்றுகூட இல்லை. ரெடிமேடாக வருகிற பீச் தாள்களில் இருப்பது வேறு ஏதோ தீவின் கடல், தென்னை மரமும் குடையுமாக. நம் மெரினாக் கடல் கரையோரம் மணல் கலந்த பழுப்பு, அடுத்து சாம்பல் பச்சை, அப்புறம் கரும்பச்சை, தொடுவானத்தில்தான் கறுத்த நீலம். ஒருநாள் சாயங்காலம் தாள் மாதிரிகளைக் கையில் எடுத்துக்கொண்டு போய், தண்ணீருக்கு நேராகப் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். சுண்டல் விற்கிற தம்பி ஒருவர் பக்கத்தில் நின்று, “அக்கா, அது வேணாம், இது கரெக்டா இருக்கு” என்று எடுத்துக்கொடுத்தார். அவர் சொன்னதுதான் சரி! தினம் கடலைப் பார்க்கிற கண் அல்லவா!

இப்போது அலை. இதைச் சொல்லும்போதே கை பரபரக்கிறது. அலையின் நுரையை வெட்டவே கூடாது, கிழிக்க வேண்டும்! மேற்புறம் மட்டும் வண்ணம் அச்சிட்ட, உள்ளே வெள்ளையாக இருக்கிற தாள் எடுத்துக்கொள்ளுங்கள். வண்ணப் பக்கம் மேலே இருக்கட்டும். நமக்கு வேண்டிய பகுதியை இடது கையால் மேசையோடு அழுத்திப் பிடித்து, வேண்டாத பகுதியை வலது கையால் மேல்நோக்கி, நம் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கிழியுங்கள். வண்ணத் தோல் உரிந்து, வேண்டிய பகுதியின் விளிம்பு நெடுக வெள்ளை நார் எட்டிப்பார்க்கும். அதுதான் நுரை! எந்தக் கத்தியாலும் எந்தத் தூரிகையாலும் அந்த நுரையைக் கொண்டுவர முடியாது. விரலை மெதுவாக நகர்த்தினால் அகல நுரை, வேகமாக இழுத்தால் மெல்லிய கோடு. கிழித்த விளிம்பை நகத்தால் லேசாகச் சுருட்டிவிட்டால் அலை எழுந்து நிற்கிறது. அந்தச் சத்தம்கூட, காகிதம் மெல்லக் கிழிகிற அந்தச் சத்தம்கூட, கரையில் அலை உள்வாங்கும் ஓசையாகத்தான் எனக்குக் கேட்டது.

அலையின் வடிவத்தை நானாகக் கற்பனை செய்யவில்லை. புகைப்படத்திலேயே ஒரு அலை உடைந்துகொண்டிருக்கிறதே! டிரேசிங் பேப்பர் வைத்து அந்த அலையின் கோட்டைப் படத்தின் இடது ஓரத்திலிருந்தும் வலது ஓரத்திலிருந்தும் வெளியே நீட்டினேன். அந்தக் கோட்டிலேயே தாளைக் கிழித்தேன். தொடுவானமும் அப்படித்தான். படத்திலிருக்கும் தொடுவானக் கோடும் காகிதத் தொடுவானமும் ஒரே மட்டத்தில், நூல் பிடித்த மாதிரி சேர வேண்டும். முதல்முறை படத்தை அதன் இடத்தில் வைத்துப் பார்த்தபோது, கறுப்பு வெள்ளை அலை வெள்ளை ஓரத்தைத் தாண்டிச் சாம்பல் பச்சையாக மாறி இரண்டு பக்கமும் ஓடியது. வாய்விட்டுக் கத்திவிட்டேன். வீட்டில் எல்லாரும் ஓடிவந்துவிட்டார்கள்.

தூரத்தில் ஒரு கட்டுமரம் வைத்தேன். பிஸ்கட் டப்பாக்களைக் கட்டிவருகிற அட்டையின் உள்தாளைத் தண்ணீர் தெளித்து உரித்து, ஊசியில் சுற்றிச் சின்ன உருளைகளாக்கி, நடு மரம் சற்று நீளமாக, முன்பக்கம் மேல்நோக்கி வளைந்ததாக அடுக்கி, பழுப்பு நூலால் கட்டினேன். மொத்த நீளமே ஒன்றேகால் அங்குலம். தூரத்துப் பொருள் சிறிதாக மட்டும் இருந்தால் போதாது, வெளிறியும் இருக்க வேண்டும். அதற்காக அந்த அடுக்கின் முன்னால் ஒரு பட்டர் பேப்பர் துண்டை நிறுத்தினேன். கட்டுமரம் சட்டென்று பல மைல் தள்ளிப் போய்விட்டது!

மாமா பார்த்த காற்றாடி பெட்டியின் வலது மேல் மூலையில், கண்ணாடியை ஒட்டி, எல்லா அடுக்குக்கும் முன்னால் பறக்கிறது. சிவப்பு டிஷ்யூ காகிதம், ஈர்க்குச்சிச் சட்டம், பின்னால் சின்ன வால். நூல் சாதாரணத் தையல் நூல், அதை மெழுகில் ஒருமுறை இழுத்தால் விறைப்பாக நிற்கும். படத்துக்குள் ஒரு பையன் அண்ணாந்து பார்க்கிறான், அவன் பார்வை போகிற இடத்தில் நிஜமாகவே சிவப்பாக ஒன்று பறக்கிறது. இதைப் பார்த்து மாமாவின் பேரன் கைதட்டினான். அந்த ஒரு கைதட்டலுக்கு எவ்வளவு வேலை வேண்டுமானாலும் செய்யலாம்.

மணலுக்கு நிஜக் கடற்கரை மணலை எடுக்கவே எடுக்காதீர்கள். அதில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுக்கும். மூடிய பெட்டிக்குள் ஈரம் வந்தால் காகிதம் அவ்வளவுதான். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற 220 எண் உப்புத்தாள் போதும். பழுப்பு உப்புத்தாளைப் படத்தின் கீழோரத்திலிருந்து கண்ணாடி வரை சரிவாகப் பொருத்தி, கெட்டி டிகாக்‌ஷனில் பழைய டூத் பிரஷ்ஷைத் தோய்த்து விரலால் தெளித்தால், கால் பட்டுக் குழிந்த ஈர மணல் வந்துவிடுகிறது. பெட்டியில் கடலுக்குச் சமமாக மணலுக்கும் நான் இடம் கொடுத்தேன். காரணம் இருக்கிறது. மெரினாவின் அழகே அந்த அகலமான மணல்தான், அந்த மணலைச் சேர்த்துக் கொடுத்தது துறைமுகம். 1875-ல் அடிக்கல் நாட்டி, கடலுக்குள் கற்சுவர் எழுப்பினார்கள். கரையோரமாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அந்தச் சுவரால் தடைபட்டுத் தெற்கே சேர்ந்து சேர்ந்து இவ்வளவு பெரிய பரப்பாயிற்று. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் இங்கே உலாவும் பாதை அமைத்து, சிசிலித் தீவின் நினைவில் மெரினா என்று பெயர் வைத்தார். என் பாட்டி உட்கார்ந்திருந்த மணல் அப்படி ஊர்ந்து வந்த மணல்! உப்புத்தாளைத் தடவும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

தாத்தாவின் நிழலுக்கு வருகிறேன். படத்தின் கீழோரத்தில் அவர் தோளும் முழங்கையும் பாதியில் அறுந்து நிற்கின்றன. அந்தக் கோட்டையும் வெளியே நீட்டினேன். சாம்பல் நிற டிரேசிங் பேப்பரில் தோளுக்குக் கீழே உடம்பு, வேட்டியின் விரிவு, கடைசியில் இரண்டு பாதங்கள் என்று வெட்டி, உப்புத்தாள் சரிவின்மேல் படிய ஒட்டினேன். டிரேசிங் பேப்பர் வழியாக மணல் துகள்கள் தெரியும். உண்மையான நிழலும் அப்படித்தானே? பாதங்கள் சரியாகக் கண்ணாடி ஓரத்தில் முடிகின்றன. பெட்டிக்கு நேரே நின்று பார்க்கிறவர்கள் தாத்தா நின்ற இடத்தில் நிற்கிறார்கள். பெரியம்மாவும் பாட்டியும் அவர்களைத்தான் பார்க்கிறார்கள். இந்த யோசனை தோன்றிய ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

சில்லறை நுணுக்கங்களைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். வளைவுகளை வெட்டும்போது கத்தியைத் திருப்பாதீர்கள், காகிதத்தைத் திருப்புங்கள். பிளேடு நுனி மழுங்கியதும் தயங்காமல் மாற்றுங்கள். வெட்டிய விளிம்பில் வெள்ளை தெரிந்தால் அதே நிறப் பென்சிலை ஓரத்தில் ஓட்டினால் மறைந்துவிடும். நுரையைத் தவிர வேறெங்கும் வெள்ளை தெரியக் கூடாது. அடுக்குகளுக்கு நடுவே முட்டுக்கொடுக்க 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டைக் கீற்றுக் கீற்றாக வெட்டி ஓரங்களில் ஒட்டுங்கள். கடல் அடுக்குகள் நெருக்கமாக இருக்கட்டும். புகைப்படத்துக்குப் பின்னால் மட்டும் இரண்டு கீற்றுகளாக, 10 மில்லிமீட்டர் விடுங்கள். அப்போதுதான் படத்தின் நிழல் கடலின்மேல் மெத்தென்று விழும். ஃபெவிகால் போன்ற நீர்ப்பசையை முழுப்பரப்பிலும் தடவினால் தாள் அலையடித்துவிடும், சின்னச் சின்னப் பொட்டாக வையுங்கள். பெரிய தாள்களுக்கு இரட்டைப் பக்க டேப் நல்லது.

சட்டத்துக்கு உங்கள் தெருமுனையில் சாமி படம் கண்ணாடி போடுகிறவரிடமே போங்கள். தஞ்சாவூர் ஓவியங்களுக்குக் கல்லும் மெத்துவேலையும் கண்ணாடியில் படாமல் இருக்க இடைவெளி விட்டு ஆழச் சட்டம் போட்டுப் பழகியவர்கள் அவர்கள். “உள்ளே பத்துக்குப் பன்னிரண்டு, ஆழம் ரெண்டு அங்குலம்” என்றால் போதும். தேக்குச் சட்டம் போட்டுக் கொடுத்த பெரியவர், பெட்டியை மூடும் முன் தன் பட்டறைப் பையன்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். “கண்ணாடியை நல்லாத் தொடைடா, உள்ள ஜனங்க இருக்காங்க” என்றார் அவர்களில் ஒருவனிடம். பின்பலகையின் உள்பக்கம் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மறைவாக ஒட்டிவைத்திருக்கிறேன், மழைக்காலத்துக்கு. நேர் வெயில் படாத சுவரில்தான் மாட்ட வேண்டும்.

பெட்டியைப் பெரியம்மா வீட்டுக்கு எடுத்துப்போனேன். மடியில் வைத்துக்கொண்டாள். காற்றாடியைத் தொட விரலை நீட்டி, கண்ணாடியில் பட்டுச் சிரித்தாள். அப்புறம் கீழே மணலைப் பார்த்தாள். “அப்பா” என்றாள். எழுபது வயதைத் தொடப்போகிறவள், ராமர் பச்சைப் பாவாடை போட்ட சின்னப் பெண்ணின் குரலில் சொன்னாள். அன்று முழுவதும் அந்த ஒரு சாயங்காலத்தைப் பற்றியே பேசினாள். பஸ் நம்பர், செருப்பு அறுந்தது, தாத்தா கேமராவுக்குள் குனிந்து பார்த்து ‘அசையாதே’ என்றது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. அவ்வளவையும் எழுதிவைத்திருக்கிறேன். அடுத்த பெட்டிக்கு வேண்டியது தயார்.

உங்கள் வீட்டு ஆல்பத்திலும் இப்படி ஒரு கடற்கரைப் படம் கட்டாயம் இருக்கும். மெரினாவோ, ராமேஸ்வரமோ, கன்னியாகுமரியோ, திருச்செந்தூரோ, காரைக்காலோ. இந்த வாரமே அதை எடுத்து ஸ்கேன் செய்யுங்கள். தாள் வாங்கப் போகும் முன்னால், அந்தப் படத்தில் இருக்கிறவர்களில் இன்றைக்கு நம்மோடு இருக்கிறவரிடம் போய் உட்கார்ந்து, புடவை என்ன நிறம், யார் படம் எடுத்தது, ஓரத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று கேளுங்கள். காகிதம் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். கேட்டதையெல்லாம் பெட்டியின் பின்பலகையில் பென்சிலால் எழுதிவையுங்கள், பெயர், ஊர், வருஷம் எல்லாம் சேர்த்து.